பேராசிரியர் வசந்தகுமாரியின் பிளவுப் பள்ளியும் என் பொறாமையும்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் சண்முகசுந்தரம் அவர்களே! வாழ்க்கைத் துணையை இழந்த துயரத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் பார்த்தசாரதி அவர்களே! ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் இந்த வேலப்பன்சாவடிக் கல்லூரி அரங்கத்துக்குத் திரண்டு வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பேராசிரியர் முனைவர் வசந்தகுமாரி அம்மையாரிடம் பயின்ற ஆய்வாளர்களே! எல்லோருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை அறிவுக் கடல் என்றார்கள். கருணையின் வடிவம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. ஆனால் நான் வேறொன்று பேச வந்திருக்கிறேன். புவியமைப்பியல் துறைத் தலைவராகப் பேசுவதற்கு ஒரு தாளில் எழுதி வந்தேன். அந்தத் தாள் என் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

நான் வசந்தகுமாரி அவர்களை முப்பத்தேழு ஆண்டுகள் அறிந்தவன். அந்த முப்பத்தேழு ஆண்டுகளும் அவர்மீது பொறாமைப்பட்டவன்.

சிலர் புன்னகை செய்கிறீர்கள். நாகேந்திரன் அடக்கத்துக்காகச் சொல்கிறான் என்று நினைக்கிறீர்கள். இல்லை ஐயா, இல்லை! இப்போது இந்த மேடையில் ஏறும்போதுகூட என் கண் என்ன செய்தது தெரியுமா? இந்த அரங்கத்தில் எத்தனை பேர் என்று எண்ணியது. நாளை நான் போனால் இதில் பாதியாவது வருமா என்று கணக்குப் போட்டது. இறந்துபோனவரின் இரங்கல் கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்படும் மனிதனை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ, ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறான். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

நாங்கள் இருவரும் முதுகலையில் ஒரே வகுப்பு. அவர் ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வருவார். அப்பா அங்கே பீரங்கி வண்டிகளுக்கு இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளி. நான் முகப்பேர். முதல் மதிப்பெண் எனக்கு, தங்கப் பதக்கமும் எனக்கு. அவர் மூன்றாவது. ஆனால் களப்பயணம் போனால் என்ன நடக்கும்? திருப்பெரும்புதூர்ப் பக்கம் களிமண் குழிகளில் இலைப் புதைபடிவங்களைத் தேடுவோம். நான் குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டிருப்பேன். அவரைச் சுற்றி வகுப்பே நிற்கும். "வசந்தா, இது என்ன? வசந்தா, இது எப்படி இங்கே வந்தது?" யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத்தான் பதில் தெரியும்! என்னிடம் ஏன் கேட்கவில்லை? இந்தக் கேள்வியை நான் இருபத்திரண்டு வயதில் கேட்கத் தொடங்கினேன். ஐம்பத்தொன்பது வயதிலும் விடவில்லை.

பெரியோர்களே! இங்கே வந்திருக்கும் எல்லோரும் எங்கள் துறையைப் படித்தவர்கள் அல்ல. ஆகவே அவர் செய்த வேலை என்ன என்பதை நான் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு கண்டம் இரண்டு பக்கமும் இழுபட்டால் நடுவில் மெலிகிறது, விரிசல் விடுகிறது. அதைத்தான் கண்டப் பிளவு என்கிறோம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அது இன்றைக்கும் நடக்கிறது. அந்தப் பிளவின் வழியாகப் பூமியின் சூடு மேலே வருகிறது. ஆழத்தில் இரும்புச் சத்துள்ள பாறையில் தண்ணீர் படும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. எரித்தால் புகை இல்லை, கரி இல்லை, மிஞ்சுவது நீராவிதான். இந்தச் சூட்டையும் இந்த வாயுவையும் எங்கே, எவ்வளவு என்று தேடுவதற்கு இளைஞர்கள் வேண்டும். அவர்களைப் பழக்குவதுதான் வசந்தகுமாரி அவர்கள் ஏற்றுக்கொண்ட பணி!

எங்கே பழக்கினார்? நம் காலுக்கு அடியில்! அண்டார்டிகாவிலிருந்து இந்தியா பிரிந்தபோது உண்டான ஒரு பழைய பிளவு ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் கீழேயே புதைந்து கிடக்கிறது. இதைச் சொன்னால் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பயப்படுவார்கள். பயம் வேண்டாம், அது அடங்கிப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அவர் முதன்முதலாக மூன்று மாணவர்களோடு பயிற்சி தொடங்கியது திருநின்றவூரில், எல்லம்மா அவர்களின் நிலத்து ஆழ்குழாய்க் கிணற்றில். எல்லம்மா இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் மகன் தமிழரசு அந்த மூவரில் ஒருவர். அன்றைக்கு எல்லம்மா கேட்டதை வசந்தகுமாரி எனக்கே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"இன்னாமா இது, தண்ணி எடுக்க வந்தீங்கன்னு பாத்தா காத்தப் புடிச்சி பாட்டில்ல அடச்சிகினு போறீங்க?"

"அந்தக் காத்துதான் எல்லம்மா நாளைக்கு ஊடு ஊடா அடுப்பு எரிக்கப் போவுது."

"இங்க கெடைக்குமா?"

"இங்க கெடைக்காது."

"கெடைக்காதுன்னு தெரிஞ்சிகினே ஏம்மா தேடுற?"

"கெடைக்காத எடத்துல கெடைக்கலன்னு நேர்மையா சொல்லிப் பழகுனாத்தான், கெடைக்கிற எடத்துல இவங்க சொல்றத ஊரு நம்பும்."

பாருங்கள்! ஒரு ஆராய்ச்சியாளனுக்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்? இதைக் கேட்டபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த வாக்கியம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எதுவும் நினைக்கவில்லை.

அப்போது நான் இந்தக் கல்லூரியில் இல்லை. பூந்தமல்லியில் வேறொரு கல்லூரி. இரண்டுக்கும் நடுவே நான்கு கிலோமீட்டர். அந்த ஆண்டில்தான் என் மகள் ஜெயப்பிரியா முதுகலை முடித்தாள். என் துறை. என் வீட்டு அலமாரிப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவள். ஆய்வுக்கு என்னிடம் வருவாள் என்று என் அறையில் ஒரு மேசையே ஒதுக்கி வைத்திருந்தேன். அவள் வசந்தகுமாரியிடம் போனாள். ஏன் என்று கேட்டேன்.

"அப்பா, உங்க கிட்ட வந்தா நான் உங்க பொண்ணு. தப்பு பண்ணா வீட்டுக்கு வந்தும் திட்டு. அவங்க கிட்ட தப்பு பண்ணலாம்ப்பா. தப்பு பண்ணா ஏன்னு கேக்கறாங்க."

பெற்ற மகள்! அந்த மேசையை மறுநாளே கிடங்குக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடித உறை வந்தது. ஓர் அறக்கட்டளை அனுப்பியது. வசந்தகுமாரி அவர்கள் தம் மூன்று மாணவர்களோடு செய்ததைப் பெரிதாக்கி, ஆண்டுதோறும் பன்னிரண்டு பேருக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்த விண்ணப்பித்திருந்தார். இங்கே மூன்று வாரம், பிறகு கென்யாவில் உயிருள்ள பிளவின் மீதே இரண்டு வாரம். அதைப் படித்துப் பார்த்து, பெயர் குறிப்பிடாமல் கருத்துரை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். விண்ணப்பதாரரோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன்.

விண்ணப்பத்தைப் படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாணவர் பட்டியலில் முதல் பெயர் தமிழரசு. இரண்டாவது பெயர் என் மகளுடையது.

நான்கு பக்கம் எழுதினேன். ஏழு குறைகள். ஆறு குறைகள் வேண்டுமென்றே தோண்டி எடுத்தவை. ஒன்று மட்டும் மெய்யான குறை. ஆழ்குழாயின் இரும்பே துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜனை வெளிவிடும், அதைப் பாறையிலிருந்து வந்தது என்று மாணவர்கள் ஏமாறுவார்கள், இதைக்கூட விண்ணப்பதாரர் யோசிக்கவில்லை என்று எழுதினேன். கடைசி வரியில், 'இவரிடம் இளம் ஆய்வாளர்களை ஒப்படைப்பது அவர்கள் எதிர்காலத்துக்கு நல்லதல்ல' என்று முடித்தேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

ஆம், நண்பர்களே. உங்கள் காதில் விழுந்தது சரிதான். அந்தக் கருத்துரையை எழுதியவன் நான். முதல்வர் ஐயா, என்னை இறங்கச் சொன்னால் இறங்கிவிடுகிறேன். முடித்துவிட்டு இறங்குகிறேன்.

பத்து நாள் கழித்து வசந்தகுமாரி என் அறைக்கு வந்தார். கையில் அந்த நான்கு பக்கம். தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நாகு, இதக் கொஞ்சம் படிச்சுப் பாரு. ஆறு பாயின்ட் சும்மா வம்பு. ஆனா அஞ்சாவது சொல்லியிருக்கார் பாரு, இரும்புக் கொழா. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? யாரோ நல்லா வெவரம் தெரிஞ்ச ஆளு."

"அவன் உன்னை ரொம்ப மோசமா எழுதியிருக்கானே வசந்தா."

"எழுதட்டும். என்னமோ கோவத்துல இருந்திருக்கார். விஷயம் சரியா இருக்கே!"

நான் தலையாட்டினேன். பிறகு அவர், "வண்டிய மெக்கானிக் கிட்ட உட்டிருக்கேன். நீ வீட்டுக்குத்தானே போற? அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் என்னக் கொண்டுபோய் உட்டுடு" என்றார்.

எதற்கு எஸ்டேட்? நிராகரிப்புச் செய்தி வந்த வாரமே தமிழரசு ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அங்கே ஒரு இரும்பு வார்ப்பு ஆலையில் சேர்ந்திருந்தார். ஆலை வாசலில் காரை நிறுத்தினேன். ஷிப்டு முடியும் நேரம். வெயில் கொளுத்தியது. வசந்தகுமாரி இறங்கிப் போய் வாசற்கதவருகே நின்றார். நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு. நீலச் சட்டையில் தமிழரசு வெளியே வந்தார்.

"மேடம்! இன்னா மேடம் நீங்க போயி இங்க வந்து வெய்யில்ல நின்னுகினு கீறீங்க?"

"நீ வரல. அதான் நான் வந்தேன்."

"ஊட்ல நெலம தெரியும்ல மேடம். இன்னொரு வருசம் சும்மா குந்திகினு கெடக்க முடியாது. யாரோ ஒர்த்தன் வேணாம்னு எழுதிட்டானாமே? அந்தாளு மட்டும் என் கைல மாட்னான்..."

"அத வுடு. அவர் சொன்னதுல ஒண்ணு நெசம்டா. கொழா இரும்புலேந்தே வாயு வருமாம். நீ இப்ப எங்க வேல பாக்கற? இரும்புல! துருவப் பத்தி என்னவிட உனக்குத்தான் இப்ப நல்லாத் தெரியும். ஷிப்டு முடிஞ்சு ரெண்டு மணி நேரம் வா. அந்தக் கொறைய எப்படித் தீக்கறதுன்னு நீ எனக்கு செஞ்சு காட்டு. அடுத்த வருஷம் மறுபடி போடுவோம்."

தமிழரசு அழுதார். பத்தடி தூரத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவையோரே! அப்போதாவது என் மனம் உருகியது என்று நான் சொல்ல வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள். பொய் சொல்ல மாட்டேன். எனக்காக இப்படி யாராவது ஒரு மாணவன் அழுவானா என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தார். கிணற்றுக்குள் பிளாஸ்டிக் உறையைச் செருகி, இரும்பு படாமல் வாயுவை எடுக்கும் முறையைத் தமிழரசு செய்து தந்திருந்தார். இம்முறை விண்ணப்பம் கருத்துரைக்கு என்னிடம் வரவில்லை. பள்ளி தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு நான் இந்தக் கல்லூரிக்குத் துறைத் தலைவராக வந்தேன். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பதவி யாருக்கு உரியது? அவருக்கு! நான் வந்த முதல் நாள் என் மேசையைத் துடைத்து வைத்து, "வா நாகு, ஆபீஸ் வேலையெல்லாம் நீ பாத்துக்கோ, நான் பசங்களோட கிணத்தச் சுத்தறேன்" என்று வரவேற்றவர் அவர். அதற்கும் பொறாமைப்பட்டேன். பதவி என்னிடம், மாணவர்கள் அவரிடம்!

ஒவ்வொரு ஆண்டும் பள்ளியின் முதல் நாள், முதல் வகுப்பு எது? குழாய்ப் பாடம். அதை அவரே எடுப்பார். "இந்தப் பாடத்த எனக்குச் சொல்லிக் குடுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியாது. என்ன வேணாம்னு சொன்னவர். ஆனா அவர் இல்லன்னா நாம எல்லாரும் ஏமாந்திருப்போம். அவருக்கு ஒரு கைதட்டு குடுங்க" என்பார். பன்னிரண்டு பேரும் கைதட்டுவார்கள். துறைத் தலைவன் என்ற முறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டுவேன்.

அப்போது எனக்கு என்ன தோன்றும்? சொன்னால் நம்புவீர்களா? அந்த முகம் தெரியாத மனிதன்மீது பொறாமை வரும்! நாகேந்திரனை வசந்தகுமாரி ஒரு முறையும் இப்படி மேடையில் பாராட்டியதில்லையே, யாரோ ஒருவனைப் பாராட்டுகிறாரே என்று வயிறு எரியும். என்மீதே நான் பொறாமைப்பட்டேன் ஐயா! ஒருவனைப் பொறாமை எந்த அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் பாருங்கள்!

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் நம் மாணவர்கள் கென்யாவில் ஒரு பழைய கிணற்றை அளந்தார்கள். வாயு அளவு மிக அதிகம். உடன் இருந்த வெளிநாட்டு ஆய்வுக் குழு கொண்டாடத் தொடங்கிவிட்டது. என் மகளும் அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டாள். தமிழரசு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கொழாவ நம்பாத ஜெயா" என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையைச் செருகி மறுபடி அளந்தார். அளவு இருந்த இடம் தெரியாமல் விழுந்தது. இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டு நம் பிள்ளைகள் தலைகுனிந்து திரும்பினார்களா? இல்லை! மறு ஆண்டு அதே குழு, இனி நீங்கள் அளந்தால்தான் நாங்கள் நம்புவோம் என்று கடிதம் எழுதியது. தமிழரசு இன்றைக்கு இங்கேயே இருந்து பள்ளியை நடத்த உதவுகிறார். இன்றைக்கு எழுபத்தொரு பேர் இந்தப் பள்ளியில் பயின்று, ஆறு நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். எழுபத்தொரு பேர்! இது வசந்தகுமாரி அவர்களின் சாதனை இல்லாமல் வேறு யாருடைய சாதனை?

கணையத்தில் புற்று என்று தெரிந்த பிறகு அவருக்குக் கிடைத்தது நான்கு மாதம். முகப்பேரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்த மருத்துவமனை. மூன்று மாதம் நான் போகவில்லை. சென்ற மாதம் ஒரு மாலை போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன். வாசலில் இருந்த நர்ஸ், "இவங்களுக்கு மட்டும் தினம் இருபது பேர் வராங்க சார், சமாளிக்க முடியல" என்றார். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது.

அவர் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நாகு, உன்கிட்ட ஒரு வேலை சொல்லணும்னு இருந்தேன். ஜூலையில புது பசங்க வராங்க. நீ ஒரு வகுப்பு எடு."

"நானா? உன் பிள்ளைங்க உன்னைத்தானே தேடுவாங்க."

"அதான் தப்பு. என்னச் சுத்தி இருக்கறவங்க எல்லாம் என்னப் புகழ்றாங்க. பசங்களும் அப்படியே வளர்ந்துடுவாங்க. நீ ஒருத்தன்தான் என்ன ஒரு நாளும் புகழ்ந்ததே இல்ல. குத்தம் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளு இல்லாம ஆராய்ச்சி நடக்காது நாகு."

அவருக்குத் தெரிந்திருந்ததா? எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சொல்ல வாய் திறந்தேன். அண்ணன் பார்த்தசாரதி கஞ்சியோடு உள்ளே வந்தார். "பார்க்கலாம் வசந்தா" என்று எழுந்துவிட்டேன். அண்ணனைக் குறை சொல்லவில்லை. அவர் வராமல் இருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த வியாழக்கிழமை வசந்தகுமாரி இல்லை.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். ஜெயப்பிரியா, நைரோபியிலிருந்து உன் ஆசிரியைக்காக வந்திருக்கிறாய். இதைக் கேட்கவா வந்தாய்? நீ தலையைக் குனிந்துகொள்ளாதே அம்மா. குனிய வேண்டியவன் நான். தமிழரசு, உன் வாழ்க்கையில் ஓர் ஆண்டை அந்த ஆலையில் போட்டவன் நான். அன்றைக்கு உன் கையில் மாட்டாமல் காருக்குள் உட்கார்ந்திருந்தவன் நான்.

எழுந்து நிற்கிறாயா? பேசு தம்பி. எது வேண்டுமானாலும் பேசு. அவரைத் தடுக்காதீர்கள்.

பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தமிழரசு சொன்னது கேட்டிருக்காது. அவர் சொன்னதைச் சொன்னபடியே நான் சொல்கிறேன்.

"கோவம் வருது சார். ரொம்ப வருது. மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்கு எந்திரிக்கல. திங்கக்கெழம பன்னெண்டு பசங்க வராங்க. மேடம் இல்லாம கொழா பாடத்த யார் எடுக்கறதுன்னு ஒரு வாரமா முழிச்சிகினு கீறேன். எழுதுனது நீங்கதானே சார்? நீங்களே வந்து எடுங்க."

அவையோரே, உங்கள் அனைவரின் முன்னிலையிலும், என் மகளின் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அந்த வகுப்பில் இருப்பேன். பேராசிரியர் வசந்தகுமாரி தொடங்கிய பள்ளி ஓர் ஆண்டும் நிற்காது. ஒரு மாணவனும் அதை விட்டுப் போக நான் காரணமாக இருக்க மாட்டேன். மாணவர்களின் ஒவ்வோர் அறிக்கையையும் வரிக்கு வரி படிப்பேன். குறை இருந்தால் சொல்வேன், இல்லாத குறையைச் சொல்ல மாட்டேன். என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று மட்டும் உறுதி கூற என்னால் முடியாது. அந்தப் பன்னிரண்டு பேரும் அம்மையாரின் படத்தைப் பார்த்துக் கும்பிடும்போது எனக்கு மறுபடியும் சுருக்கென்று வரும். வரட்டும்! வந்த பிறகும் பாடத்தைச் சரியாக எடுப்பேன்.

இப்போது எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் அவரை நினைத்து நிற்போம். அதன்பின் தமிழரசு என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால், நான் மேடைக்குக் கீழே இங்கேயே நிற்கிறேன். எங்கேயும் போகவில்லை.